மூலக்கொத்தளத்து மேரி

1

போன மாதம் ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு சீனப் பெண்மணி மேலே வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, முழங்கால் வரை பாவாடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். மிஸ் லிம் என்று பெயர் சொன்னாள். கடற்கரைத் திடலில் சனிக்கிழமை காலைகளில் சின்னப் பெண்களுக்கு ஓட்டமும் பந்தும் சொல்லிக்கொடுக்கிறாளாம். எங்கள் ரூபி நன்றாக ஓடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால் வருகிற வாரமே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

வாங்கிப் படித்தேன். பிள்ளையின் பெயர், வயது, உயரம், எடை. அதுவரை சரி. அப்புறம் தகப்பன் பிறந்த ஊர், தாய் பிறந்த ஊர், எந்த வருஷம் இந்த நாட்டுக்கு வந்தீர்கள், அடையாள அட்டை எண் என்ன, வீட்டில் என்ன பாஷை, வீட்டில் எத்தனை பேர், யார் யார்.

கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். கணவரைக் கேட்க ஒன்றுமே இல்லை. அவர் இந்தப் பினாங்கிலேயே வளர்ந்தவர். காகிதம் நீட்டினால் பேனாவைத் தேடுவார். நான் அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. பத்தாம் நாள் ரூபி அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஓடத்தானே கூப்பிடுதாங்க, ஞானம்," என்றார் அவர்.

"ஓடுறதுக்கு வீட்டுல எத்தனை பேர்னு எதுக்கு? எழுதிக்கிட்டுப் போயி யாரு கையில கொடுப்பாங்க?"

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. ராயபுரத்தில் ஒருத்தி என்னிடம் கேட்டது. அன்றைக்கு விசில் என் கழுத்தில் தொங்கியது.

2

நம் ஊர் வாசகர்களில் ராயபுரத்துக்காரர்கள் இருந்தால் அந்த இடம் நினைவிருக்கலாம். ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில், யுத்த காலத்தில் பதுங்குகுழி வெட்டிப் போட்டிருந்த மணல் காடு. யுத்தம் முடிந்த மறு வருஷம் குழிகளை மூடி, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், வளையம் வீசி விளையாட ஒரு சதுரம் என்று போட்டு, பெண்பிள்ளைகளுக்கான மைதானம் என்று பலகை மாட்டினார்கள். அதற்கு உடற்பயிற்சி ஆசிரியையாக என்னைப் போட்டார்கள். ஞானசுந்தரி, வயது இருபத்து மூன்று, திருநெல்வேலிப் பக்கம், பயிற்சி முடித்த கையோடு வந்தவள். ராயபுரத்தில் என் தாய்மாமாவுக்கு மொத்த மளிகைக் கடை. அவர் வீட்டில் தங்கினேன்.

மைதானத்தில் நிழல் என்று சொல்ல இரண்டு பூவரச மரங்கள்தான். காலையில் உடுத்திய வெள்ளைச் சேலை, துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்து சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். பின்பக்கச் சுவரை ஒட்டி நாற்பது குடிசைகள். மீன்பிடிக்கிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்கள் பெண்களுக்காகத்தான் அந்த மைதானம். முதல் மாதம் அந்தப் பெண்களில் ஒருத்தியும் வரவில்லை.

வராததற்குக் காரணங்கள் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தன. பெண்களை நிறுத்துப் பார்த்துப் பம்பாய்க்கு அனுப்புகிறார்கள் என்றார்கள் சிலர். நகை போடாத வேதக்காரி வந்திருக்கிறாள், மாதா கோயிலிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தன் சபைக்குக் கொண்டுபோய்விடுவாள் என்றார்கள் கத்தோலிக்கத் தெருவில். என் மாமாவே நம்பவில்லை. பொம்பளைப் பிள்ளைகளை மணலில் ஓடவிட்டு அதற்கு ஒருவன் சம்பளம் கொடுக்கிறான் என்றால் உள்ளே வேறு என்னமோ இருக்கிறது என்பது அவர் கட்சி. "ஏளா, நீ நல்லா விசாரிச்சியா?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

கடைசியில் சறுக்குமரம்தான் அவர்களைக் கொண்டுவந்தது. ஒருத்தி சுவரேறிக் குதித்துச் சறுக்கினாள். மறுநாள் ஐந்து பேர். அதற்கப்புறம் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்தார்கள். இலாகா கொடுத்த பெரிய ரிஜிஸ்டரில் நான் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இதே விலாசம், உயரம், எடை.

முப்பத்தோராவதாக ரோசம்மா வந்தாள். இடுப்பில் மீன்கூடை, பக்கத்தில் பத்து வயதுப் பெண். கூடையை இறக்காமலே நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓடி ஆடறதுக்கு எடை எதுக்கு? வூட்ல எத்தினி பேரு, எங்க பொறந்தான்னு எதுக்கு? எழுதிக்கினு போயி யாரு கைல குடுப்ப?" என்று கேட்டாள்.

பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க என்று படித்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேரு மேரி. வூடு மூலக்கொத்தளம், சுடுகாட்டாண்ட," என்றாள். எழுதிக்கொண்டேன்.

3

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று அக்கா கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். காலை ஏழு மணிக்கே வெயில் சுவரில் அடிக்கும். கணவர் ரப்பர் கிடங்குக் கணக்கர் வேலைக்கும், ரூபி பள்ளிக்கும் போன பிறகு சந்தை. வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பையன் வந்து "சூடா?" என்று கேட்டான். எவ்வளவு கரிசனம் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினேன். பாதிக் காப்பியோடு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மலாயில் அது 'முடிந்ததா' என்று கேட்பது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் யார் என்ன கேட்டாலும் தலையாட்டாமல் நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அருவித் தோட்டத்துக்குப் போவோம். குரங்குகளுக்குக் கடலை போடுவார் அவர். பெஞ்சுகளில் எல்லா ஜாதியும் உட்கார்ந்திருக்கும், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் நான் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவேன். காட்டுப்பக்கம் கலகம் என்று வருஷக்கணக்காக அட்டையைக் கேட்கிற நாடு இது. பையில் அட்டை இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். ஒருநாள் அப்படித் தடவும்போது ரூபி, "மாலு, அம்மா," என்றாள். மாலு யாருடி என்று கேட்டேன். அவளும் அப்பாவும் சிரித்தார்கள். 'வெட்கமாக இருக்கிறது' என்று அர்த்தமாம். ஏழு வயதுப் பெண், வெட்கப்படுவதைக்கூட எனக்குப் புரியாத பாஷையில் செய்கிறாள்.

4

மேரி என்று கூப்பிட்டால் அந்தப் பெண் திரும்பமாட்டாள். மூன்றாவது தடவைதான் திடுக்கிட்டுப் பார்ப்பாள். காது மந்தமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் விசிலை வாயில் வைக்குமுன்பே ஓடத் தயாராக நிற்பாள். மூலக்கொத்தளத்திலிருந்து நடந்து வருகிறவள் கதவு திறக்கும்போதே எப்படி நிற்கிறாள்? நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒருநாள் சாயங்காலம் பின்னாலேயே போனேன். அவள் தெருப்பக்கம் திரும்பவே இல்லை. பின்சுவரில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து, மூன்றாவது குடிசைக்குள் போனாள். வாசலில் ரோசம்மா கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள்.

"பின்னாலயே வந்துகினியா," என்றாள், ஆச்சரியமில்லாமல்.

பெண்ணின் பெயர் பிலோமினா. பிறந்தது அதே குடிசையில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது எல்லோரையும் போல இவர்களும் போய், எல்லோரையும் போலத் திரும்பி வந்தவர்கள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

"பேர எழுதிக்கினு போறவங்க நல்லதுக்கு எழுதிக்கினு போய் நான் பாத்ததில்ல, டீச்சரம்மா. சண்டையப்போ எங்கப்பன் படக எழுதிக்கினு போனாங்கோ. படகு திரும்பி வர்ல. நல்லது பண்றதுன்னா வாயால சொல்லிப் பண்ணக்கூடாதா?"

ரேஷன் கார்டுக்குக்கூட அவள் அங்கே பெயர் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அரிசி எல்லாம் தண்டையார்பேட்டையில் இருந்த அம்மா வீட்டுக் கார்டில். நான் சிரித்துவிட்டு, ரிஜிஸ்டரில் இருந்ததை அப்படியே விட்டேன். மைதானத்தில் மட்டும் பிலோமினா என்று கூப்பிட்டேன்.

அந்தக் கோடையில் பிள்ளைகளை எண்ணூருக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினேன். அறுபது பேரில் பதினோரு பேரைத்தான் அனுப்பினார்கள். பிலோமினா வந்தாள். ரயிலில் ஏறியபோது அடுத்த பெட்டியில் ரோசம்மா காலிக் கூடையோடு ஏறுவதைப் பார்த்தேன். எண்ணூரில் இறங்கினாள். நாங்கள் முகத்துவாரத்துப் பக்கம் நடந்தால் அவளும் நடந்தாள், ஐம்பது கஜம் தள்ளி. நாங்கள் சவுக்கு நிழலில் உட்கார்ந்தால் அவள் வேறு சவுக்கு நிழலில் உட்கார்ந்தாள். புளியோதரை சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று தன் தூக்கைத் திறந்து பழைய சோறு சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் காயலில் இறங்கத் துடித்தார்கள். நான் விசில் ஊதப்போகும் நேரம் ரோசம்மா எழுந்து, சேலையோடு தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பு வரை, பிறகு மார்பு வரை. காலால் துழாவித் துழாவி ஒரு வட்டம் வந்து, தண்ணீரில் நட்டிருந்த ஒரு கம்பைக் காட்டிக்கொண்டே கரையேறினாள்.

"அந்தக் கம்பு வரைக்கும் வுடு. அதுக்கு அந்தாண்ட குழி கீது," என்றாள்.

குழி இருக்குமா என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. அன்று முழுக்க அவள் தண்ணீரில் நின்றே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். திரும்பும்போது எங்கள் பெட்டியிலேயே ஏறினாள்.

5

மைதானம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, குடிசைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் யோசனை இருக்கிறது, ரிஜிஸ்டர் வேண்டும் என்றார். நான் அதற்குப் புது அட்டை போட்டுக் கொடுத்தேன். என் எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். சந்தோஷமாக இருந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு, கறுப்புக் கீல் டின்னும் தூரிகையுமாக நாலு பேர் வந்தார்கள். கூட ஒரு ஓவர்சியர், கையில் பட்டியல். குடிசைக் கதவுகளில் எண் போட ஆரம்பித்தார்கள். மைதானத்தோடு குடிசை இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பெரிய பூங்கா வரப்போகிறது. எல்லோரும் காலி செய்ய வேண்டும். ஓவர்சியர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்.

"கட்டை ஆரோக்கியம் வீடு எது?"

ஆரோக்கியத்தைக் 'கட்டை' என்று தோழர்கள் கேலிக்குச் சொல்வார்கள். அவர் பெயர் ஆரோக்கியசாமி. இரண்டு ஆரோக்கியங்கள் இருந்ததால் அடையாளத்துக்கு நான்தான் ரிஜிஸ்டரில் அப்படி எழுதியிருந்தேன். எந்தக் காகிதத்திலும் வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தது. யாரும் ஏசவில்லை. ஆரோக்கியசாமியின் மனைவி, வளையம் வீசிக்கொண்டிருந்த தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கால்மணி நேரத்தில் மைதானத்தில் நான் மட்டும் நின்றேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

6

மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். உங்கள் ரிஜிஸ்டர் எங்களுக்குப் பெரிய உபகாரம், மிஸ், என்றார். ரேஷன் கார்டிலோ ரிஜிஸ்டரிலோ பெயர் இருக்கிற குடும்பங்களுக்குக் காலடிப்பேட்டைக்கு அப்பால் மணலில் மாற்று இடம் உண்டு. இரண்டிலும் இல்லாதவர்கள் பட்டணம் காலியான சமயம் பார்த்து வந்து புகுந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது வேறு பிரிவு, எனக்குத் தெரியாது என்றார்.

நாற்பது குடிசையில் இரண்டிலும் பெயர் இல்லாதது ஒன்றே ஒன்று. சுவர் ஓட்டைக்கு நேரான மூன்றாவது குடிசை.

முப்பத்தோராவது பதிவில் பிழை இருக்கிறது என்றேன். மேரி என்று ஒருத்தி இல்லை, அவள் பிலோமினா, விலாசமும் மூலக்கொத்தளம் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தாய் பொய் சொன்னாளா, நீங்கள் தப்பாக எழுதினீர்களா?" என்று கேட்டார். "தாய் பொய் சொன்னாள் என்றால் அவளுக்கு இடம் கிடையாது. நீங்கள் தப்பாக எழுதினீர்கள் என்றால் உங்களை இந்த வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. யோசித்து எழுதிக் கொடுங்கள்."

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் பெரிய தியாகி என்று யாரும் எண்ண வேண்டாம். அரைமணி நேரம் அவள் மேல்தான் எனக்குக் கோபம். எல்லோரையும் போல உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன? அப்புறம், எல்லோரும் உண்மையைச் சொன்னதால்தானே கதவுகளில் கீல் எண் ஏறியது என்று தோன்றியது. என் கவனக்குறைவால் பெயரும் விலாசமும் தவறாகப் பதிவாகிவிட்டன என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் அரசாங்கக் காகிதத்தில் எழுதிய ஒரே பொய் அது.

7

ஒரு வாரத்தில் எனக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. இன்னொரு வாரத்தில் குடிசைகள் கட்டைவண்டிகளில் ஏறின. வண்டிகள் போகிற பாதையில் மாமா கடை. ரோசம்மா தன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஓவர்சீரு சொன்னான். தப்பு உன்னுதுன்னு எழுதிக் குடுத்தியாமே. ஒனக்கு இதுல இன்னா கெடைக்குது?"

ஒன்றும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மாமாவைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சொல்ல ஏதாவது இருக்கும், சொல்லமாட்டேன் என்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். பிலோமினா பின்னால் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கையசைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையை அசைக்காமலே இருந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் பூங்கா திறந்தார்கள். பச்சைப் புல், நடுவில் நீரூற்று, கம்பத்தில் ரேடியோ, புல்லில் நடக்கக்கூடாது என்று பலகை. வளையம் வீசிய சதுரத்தில் ரோஜாப் பாத்தி. ஒரு சாயங்காலம் நானும் போனேன். குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்கினார்கள். நல்ல இடம்தான், பொய் சொல்லக்கூடாது. கடல் காற்று நேராக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், முன்பு இங்கே ஒரே குப்பைக்காடாக இருந்ததாம் என்றாள். கல்வாழைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது குடிசை எங்கே இருந்திருக்கும் என்று சுவரிலிருந்து காலடிக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்.

8

அரிசி டின்னுக்கு அடியில் கிடந்த காகிதத்தை என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ரூபி அழுத அந்த வாரச் சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கடற்கரைத் திடலுக்குப் போனேன். பெரிய மரம் ஒன்றின் பின்னால் நின்று மிஸ் லிம்மை இரண்டு மணி நேரம் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஐஸ் விற்கிற மலாய்க்காரரிடம் அரைகுறை மலாயில் விசாரித்தேன். பிள்ளைகள் விழுந்தால் அவள் ஓடி வருகிறாளா, வெயில் ஏறினால் தண்ணீர் கொடுக்கிறாளா என்று கவனித்தேன். கொடுத்தாள்.

பிறகு நேராகப் போய், இந்தக் காகிதத்தை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அலுவலகத்தில் என்றாள். அலுவலகம் யாரிடம் கொடுக்கும்? தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அவள் முன்னாலேயே ஆறு வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, பெயர், வயது, உயரம், எடை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் திருப்பி அனுப்பலாம் என்றாள். அனுப்பட்டும் என்றேன். இதுவரை திரும்பி வரவில்லை.

ரூபி ஓடுகிறாள். நான் போய் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. மற்ற அம்மாக்கள் யாரும் வருவதில்லையாம். அது அவள் பாடு.

9

இவ்வளவு எழுதிய பிறகு, நான் பினாங்குக்கு வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் ரோசம்மாவுக்கு நியாயம் செய்ததாகாது.

வேலை போய் எட்டு மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. பினாங்கில் கணக்கர், நம் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே போனவர்கள். அங்கிருந்த போதகர் ஒருவர் நற்சான்று எழுதியிருந்தார். கூட ஒரு போட்டோ. அவருக்கு விடுப்பு கிடைக்காது. பெண்ணைக் கப்பலில் அனுப்பினால் அங்கே கோயிலில் கல்யாணம். என்னைத் தினமும் விசாரித்துத் துளைத்த மாமா, இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போதகர் எழுதினால் போதும் என்றார்.

புறப்படுமுன் சொல்லிக்கொண்டு வரலாம் என்று காலடிப்பேட்டைக்கு பஸ்ஸில் போய், மணலில் நடந்தேன். கொளுத்துகிற வெயில். அங்கே ஒரு மரமும் இல்லை. பிலோமினா உயரமாக வளர்ந்திருந்தாள். தானும் ஒரு கூடை தூக்கப் பழகியிருந்தாள். இப்போது ஓடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. ரோசம்மா தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஆள யாரு பாத்தது?" என்றாள்.

போதகர் பார்த்திருக்கிறார் என்றேன்.

"அந்த அய்யர யாரு பாத்தது?"

போதகரைத்தான் அய்யர் என்றாள். பிறகு மாப்பிள்ளையின் பெயர், வேலை செய்கிற இடம், போகிற கோயில் எல்லாவற்றையும் மூன்று தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். எழுதிக்கொள்ளவில்லை, அவளுக்கு எழுதத் தெரியாது. போட்டோவையும் திருப்பித் தர மறுத்துவிட்டாள். என் கப்பலுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஆறாவது வாரம் மாமா கடைக்கு வந்தாள். மீன்கூடை இல்லாமல், துவைத்த சேலையில். அவள் தம்பி கப்பலில் வேலை செய்கிறவன். போகும்போது பினாங்கில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை இறங்கியிருக்கிறான். மாமாவையும் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆளு மெய்யாலுமே கீறாரு. ரப்பர் கிடங்குல வேல, அதுவும் மெய். பொண்டாட்டி கிடையாது, புள்ள கிடையாது, அக்கம்பக்கம் நாலு வூட்ல கேட்டுகினு வந்துகீறான். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறாரு. எடது பக்கம் மேல ஒரு பல்லு இல்ல, அதான் போட்டோல வாய மூடிகினு கீறாரு. அத்த மட்டும் மறச்சிகீறாங்கோ. வேற ஒண்ணும் இல்ல."

போட்டோவை என் கையில் வைத்தாள். "போ, டீச்சரம்மா. போலாம்," என்றாள்.

மாமா மூட்டையிலிருந்து கொஞ்சம் அரிசி அளந்து கொடுக்கப் போனார். அவள் வாங்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பிடிக்கவிட்டு, இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கப்பல் பினாங்கு துறையில் நின்றபோது பளீரென்ற காலை வெயில். படகுத்துறையில் கூட்டத்துக்கு நடுவே போட்டோவில் இருந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாயை இறுக்கி மூடியிருந்தார். பக்கத்தில் வந்து, என் பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. கொஞ்சம் சிரியுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தார். இடது பக்கம், மேலே, ஒரு பல் இல்லை.

பெட்டியைக் கொடுத்தேன்.